லோடட் சீஸ் பிரைஸ்

லோடட் சீஸ் பிரைஸ் என்பது எண்ணெயில் பொரித்த நீளமான உருளைக்கிழங்குத் துண்டுகளின் மேல் உருகிய சீஸை ஊற்றி, அதன் மேல் கொத்துக்கறி, வதக்கிய வெங்காயம், ஊறவைத்த மிளகாய், புளித்த கிரீம் போன்றவற்றைச் சேர்த்துப் பரிமாறப்படும் அமெரிக்கத் துரித உணவு ஆகும். வெறும் பிரெஞ்சு பிரைஸ் பர்கருக்குத் துணையாக வருவது. இதுவோ தனியாகவே ஒரு வேளை உணவின் கனம் கொண்டது. கிழங்கின் மேல் பல பொருள்கள் ஏற்றப்படுவதால் 'லோடட்' என்ற அடைமொழி சேர்ந்தது. சீஸ் மட்டும் ஊற்றப்பட்டால் அது சீஸ் பிரைஸ் எனப்படும்.

பார்வைக்கு இது எளிய உணவு. ஆனால் வீட்டில் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தவறுகிறது: மேசைக்கு வருவதற்குள் கிழங்கு நமத்துப் போகிறது, அல்லது சீஸ் திரிந்து எண்ணெய் தனியாகவும் கட்டி தனியாகவும் பிரிந்து நிற்கிறது. இவை தனித்தனிக் குறைகளாகத் தோன்றினாலும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. திரிந்த சீஸிலிருந்து வெளியேறும் நீர் நேராகக் கிழங்கின் மொறுமொறுப்பான மேலோட்டில்தான் இறங்குகிறது. துரித உணவகங்கள் இவ்விரண்டையும் தொழிற்சாலை முறைகளால் சமாளிக்கின்றன. அந்த முறைகளின் காரணம் தெரிந்தால் அவற்றுள் பெரும்பாலானவற்றை வீட்டு அடுப்பிலேயே செய்துவிட முடியும்.

தோற்றமும் வகைகளும்

பொரித்த கிழங்கின் மேல் சீஸ் போடும் வழக்கத்தை முதலில் தொடங்கியவர் என்று ஒருவரையோ ஓர் ஊரையோ சுட்டுவது கடினம். பொரித்த கிழங்கும் உருகிய சீஸும் ஒரே சமையலறையில் இருந்த இடங்களிலெல்லாம் யாரேனும் ஒருவர் இரண்டையும் சேர்த்திருப்பார். வட்டார வகைகள் மட்டும் தெளிவாக வேறுபடுகின்றன. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1950களில் உருவான பூட்டின், உருகாத புதிய சீஸ் துண்டுகளையும் பழுப்பு நிற இறைச்சிச் சாற்றையும் கிழங்கின் மேல் சேர்ப்பது. நியூ செர்சியின் சாலையோர டைனர் உணவகங்களில் கிடைக்கும் டிஸ்கோ பிரைஸ் அதற்கு நெருங்கியது. அங்கே சீஸ் துண்டுகளுக்குப் பதிலாக மொசரெல்லா உருக்கப்படுகிறது. டெக்சாசில் செடார் சீஸ், பொடித்த பேக்கன், சலபீனோ மிளகாய் ஆகியவை சேர்ந்து, தொட்டுக்கொள்ள ரேஞ்ச் சாஸ் வரும். டெக்சாசின் இறைச்சிச் சில்லி ஊற்றப்பட்டால் அது சில்லி சீஸ் பிரைஸ். கலிபோர்னியாவில் தோன்றிய இன்-என்-அவுட் கடைகளில் 'அனிமல் ஸ்டைல்' என்று கேட்டால் சீஸ் துண்டு, கல்லில் வதக்கிய வெங்காயம், இளஞ்சிவப்பு நிறச் சாஸ் ஆகிய மூன்றும் கிழங்கின் மேல் வரும்.

இந்த உணவின் இன்றைய வடிவத்துக்கு மூன்று கண்டுபிடிப்புகள் அடிப்படையாக இருந்தன. முதலாவது, பதப்படுத்திய சீஸ். சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் வால்டர் கெர்பர், பிரிட்சு ஸ்டெட்லர் ஆகியோர் 1911இல் சோடியம் சிட்ரேட் சேர்த்துச் சீஸை உருக்கினால் அது திரிவதில்லை என்று கண்டனர். அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராப்ட் 1916இல் தமது பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாவது, உறைந்த பிரெஞ்சு பிரைஸ். ஐடகோ மாநிலத்தின் சிம்ப்ளாட் நிறுவனம் இதை வணிக அளவில் செய்யத் தொடங்கியபின், 1960களில் மெக்டொனால்ட்ஸ் தன் கடைகளில் புதிய கிழங்கை நறுக்குவதை விட்டு உறைந்த துண்டுகளுக்கு மாறத் தொடங்கியது. மூன்றாவது, கரண்டியால் ஊற்றக்கூடிய சீஸ் சாஸ். டெக்சாசின் ஆர்லிங்டன் விளையாட்டரங்கில் 1976இல் பிராங்க் லிபெர்டோ என்பவர் நாச்சோ சிப்ஸ் மீது ஊற்ற இத்தகைய சாஸை விற்றார். ஆட்ட இடைவேளையில் வரிசையை விரைவாக நகர்த்த அது உதவியது. சூடான தொட்டியில் நெடுநேரம் இருந்தாலும் திரியாத இவ்வகைச் சாஸ் இன்று விளையாட்டரங்குகளிலும் திரையரங்குகளிலும் துரித உணவகங்களிலும் சாதாரணமாகக் காணப்படுகிறது.

கிழங்கு

அமெரிக்கத் துரித உணவகங்களின் பிரைஸுக்குப் புகழ்பெற்ற வகை ரசெட் பர்பேங்க். நீண்ட வடிவம், சொரசொரப்பான பழுப்புத் தோல், மிகுந்த மாவுச்சத்து, குறைந்த சர்க்கரை ஆகியவை இதன் இயல்புகள். கிழங்கில் நீர் போக எஞ்சும் திடப்பொருள் 20 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் பொரித்தபின் உள்ளே மாவு போலவும் வெளியே மொறுமொறுப்பாகவும் வரும். திடப்பொருள் குறைந்த கிழங்கு எண்ணெயை அதிகம் குடித்துத் துவண்டுபோகும்.

இந்தியாவில் சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் பொரிப்பதற்கென்றே குப்ரி சிப்சோனா, குப்ரி பிரைசோனா போன்ற வகைகளை வெளியிட்டுள்ளது. குசராத்தில் உறைந்த பிரைஸ் தொழிற்சாலைகளுக்காகத் தனி வகைக் கிழங்குகள் பயிரிடப்படுகின்றன. ஆனால் காய்கறிக் கடையில் கூடையில் குவிந்திருக்கும் கிழங்கின் மேல் வகைப்பெயர் எழுதியிருப்பதில்லை. நீலகிரிக் கிழங்கா, வடநாட்டுக் கிழங்கா என்பதற்கு மேல் கடைக்காரருக்கும் தெரிந்திருக்காது. இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. 11 பங்கு நீரில் 1 பங்கு உப்பைக் கரைத்து (இரண்டையும் ஒரே கிண்ணத்தால் அளக்கலாம்) அதில் கிழங்கைப் போட வேண்டும். மாவுச்சத்து மிகுந்தது மூழ்கும். நீர்ச்சத்து மிகுந்தது மிதக்கும். மூழ்கியதைப் பிரைஸுக்கும் மிதந்ததைக் குழம்புக்கும் ஒதுக்கலாம்.

புதுக்கிழங்கு, அதாவது விரலால் தேய்த்தாலே தோல் உரியும் இளங்கிழங்கு, இதற்கு ஆகாது. குளிர்பதனப் பெட்டியில் வைத்த கிழங்கும் அப்படியே. குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சிறிது சிறிதாகச் சர்க்கரையாக மாறுகிறது; அந்தச் சர்க்கரை, உள்ளே வேகும் முன்பே மேல்புறத்தைக் கருக்கிவிடும். பொரித்த கிழங்கு காரணமின்றிக் கறுத்துப்போவதாகத் தோன்றினால், அது வாங்கும் முன்போ பின்போ குளிரில் இருந்ததா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

நமத்துப்போவது ஏன்

நறுக்கிய கிழங்குத் துண்டைச் சூடான எண்ணெயில் இட்டதும் மேற்பரப்பின் நீர் ஆவியாகி வெளியேறுகிறது. எண்ணெயில் எழும் நுரையும் ஓசையும் இந்த ஆவிதான். மேற்பரப்பு உலர உலர மெல்லிய ஓடு உருவாகிறது. நடுப்பகுதி தன் ஈரத்திலேயே வேகிறது. துண்டை எடுத்து வெளியே வைத்தபின் உள்ளே எஞ்சிய ஈரம் மெதுவாக ஓட்டை நோக்கி நகர்கிறது. மெல்லிய ஓடு என்றால் ஐந்து நிமிடத்தில் நமத்துவிடும். தடித்த, நன்கு உலர்ந்த ஓடு என்றால் தாங்கும். வெறும் பிரைஸில் இந்த ஈரம் உள்ளிருந்து மட்டும் வருகிறது. சீஸ் பிரைஸில் மேலிருந்தும் வருகிறது. எனவே வழக்கமான பிரைஸைக் காட்டிலும் இதற்குத் தடித்த ஓடு தேவை. ஒரே முறை பொரித்து எடுக்கும் வீட்டுப் பிரைஸ் சீஸுக்கு அடியில் தோற்றுப்போவது இதனால்தான்.

தொழிற்சாலையில் துண்டுகள் முதலில் வெந்நீரில் அவிக்கப்படுகின்றன. இதில் மேற்பரப்புச் சர்க்கரை கரைந்து வெளியேற, மாவுச்சத்து வெந்து பசைபோல் ஒரு படலமாகிறது. பிறகு உலர்த்தி, அரைப்பதமாகப் பொரித்து, உறையவைக்கிறார்கள். உறையும்போது உண்டாகும் பனிப்படிகங்கள் கிழங்கின் உயிரணுச் சுவர்களைக் கிழிப்பதால், மறுமுறை பொரிக்கும்போது நீர் எளிதில் வெளியேறுகிறது. உறைந்த பாக்கெட் பிரைஸ் பல வேளைகளில் வீட்டுப் பிரைஸைவிட மொறுமொறுப்பாக இருப்பதற்குக் காரணம் இதுவே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நேரமில்லாதவர்கள் பாக்கெட்டையே பயன்படுத்திச் சாஸில் கவனம் செலுத்தலாம். அப்படிச் செய்யும்போது துண்டுகளை வெளியே வைத்து இளகவிடாமல் உறைந்த நிலையிலேயே எண்ணெயில் இட வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் பனித்துகளை மட்டும் தட்டி உதிர்த்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எண்ணெய் பொங்கித் தெறிக்கும்.

வீட்டில் பொரிக்கும் முறை

நான்கு பேருக்கு 1 கிலோ கிழங்கு வேண்டும். தோல் சீவி, ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் கனத்தில், எல்லாம் ஒரே அளவாக நறுக்க வேண்டும். துரித உணவகத் துண்டுகள் இதைவிடச் சற்று மெல்லியவை. ஆனால் சாஸின் எடையைத் தாங்கவும், கையில் எடுக்கும்போது முறியாமல் இருக்கவும் வீட்டில் 8 மில்லிமீட்டர் வசதியானது. நறுக்கிய துண்டுகளை இரண்டு மூன்று முறை தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும்.

அடுத்து அவித்தல். 2 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி வினிகரும் 1 மேசைக்கரண்டி உப்பும் சேர்த்துத் துண்டுகளை அதில் இட்டுக் கொதிக்கவைத்து, கொதி வந்தபின் 8 முதல் 10 நிமிடம் வேகவிட வேண்டும். வினிகர் இல்லாமல் இவ்வளவு நேரம் வேகவைத்தால் துண்டுகள் குழைந்து மசியலாகிவிடும். கிழங்கின் உயிரணுக்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் எளிதாகக் கரைவதில்லை. புளி ஊற்றியபின் காய் வேகாது என்று குழம்பு வைக்கும் எவரும் அறிந்த அதே செய்தி இங்கே சாதகமாகப் பயன்படுகிறது. வினிகரின் வாசனை பொரிக்கும்போது போய்விடும்.

வடித்த துண்டுகளைச் சுத்தமான பருத்தித் துணியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். இந்தக் கட்டத்தை அவசரப்படுத்தினால் பிறகு ஈடுகட்ட வழியில்லை. உலர்ந்தபின் 2 மேசைக்கரண்டி அரிசி மாவையோ சோள மாவையோ மெல்லிய தூளாகத் தூவிப் புரட்டலாம். சந்தையில் விற்கும் உறைந்த பிரைஸ் சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாத மாவுப்பூச்சு இருக்கும். ஓடு நீண்டநேரம் நிற்பதற்காக அது சேர்க்கப்படுகிறது. பஜ்ஜி மாவில் ஒரு கை அரிசி மாவு சேர்ப்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே.

முதல் பொரிப்புக்கு எண்ணெய் 160 பாகை செல்சியசு அளவில் இருக்க வேண்டும். நிறம் மாறாமல் 2 அல்லது 3 நிமிடம் பொரித்து எடுத்து, அரைமணி நேரம் ஆறவிட வேண்டும். இந்நிலையில் தட்டில் பரப்பி உறைபெட்டியில் வைத்து, கெட்டியானதும் பையில் அடைத்துக்கொண்டால் சில வாரங்களுக்குப் பயன்படும். ஒருநாள் உறையவைத்துப் பொரித்தால் உள்ளே இன்னும் மென்மையாக வருவதையும் காணலாம். இரண்டாம் பொரிப்புக்கு 190 பாகை. 3 நிமிடமளவில் பொன்னிறம் வரும். நுரை அடங்கிச் சலசலப்புக் குறைவது வெளிப்புற ஈரம் போய்விட்டதன் அடையாளம்.

வெப்பமானி இல்லாத வீடுகளில் மரக்கரண்டியின் காம்பை எண்ணெயில் நிறுத்திப் பார்க்கலாம். காம்பைச் சுற்றிச் சிறு குமிழ்கள் நிதானமாக எழுந்தால் முதல் பொரிப்புக்குப் போதும். உடனடியாகவும் வேகமாகவும் எழுந்தால் இரண்டாவதற்கு ஏற்றது. புகை கிளம்பினால் மிகை. ஒரே நேரத்தில் நிறையப் போடுவதே வீட்டில் பரவலாக நடக்கும் பிழை. ஒன்றரை லிட்டர் எண்ணெயில் 250 கிராமுக்கு மேல் இட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, பொரிவதற்குப் பதிலாகக் கிழங்கு எண்ணெயில் ஊறத் தொடங்கும். சுத்திகரித்த கடலை எண்ணெய் இவ்வெப்பத்தை நன்கு தாங்கும்.

எடுத்த துண்டுகளைத் தாளில் குவிப்பதைவிடக் கம்பி வலைத் தட்டில் பரப்புவது நல்லது. தாளில் குவித்தால் அடியில் உள்ளவை தம் ஆவியிலேயே நமக்கும். உப்பைச் சூட்டோடு தூவ வேண்டும், ஆனால் வழக்கத்தில் பாதியளவே. மீதி உப்பு சீஸில் இருக்கிறது.

காற்றில் பொரிக்கும் ஏர் பிரையரில் செய்வதானால் அவித்து உலர்த்திய துண்டுகளை 2 மேசைக்கரண்டி எண்ணெயில் புரட்டி 200 பாகையில் இடையிடையே குலுக்கி 18 முதல் 22 நிமிடம் வைக்கலாம். நன்றாகவே வரும். ஆனால் ஓடு மெல்லியது என்பதால் சாஸை மேலே ஊற்றாமல் பக்கத்தில் கிண்ணத்தில் வைத்துத் தொட்டுக்கொள்வதே பொருத்தம்.

சீஸ் சாஸ்

குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால் பதம் வந்துவிட்டது என்பார்கள். சீஸ் சாஸில் எண்ணெய் பிரிந்தால் பதம் கெட்டுவிட்டது என்று பொருள்.

செடார் போன்ற முதிர்ந்த சீஸில் கொழுப்புத் துளிகளைக் கேசின் என்ற புரத வலை பிடித்துவைத்திருக்கிறது. அந்த வலையின் கண்ணிகளை இணைப்பது கால்சியம். சூடேறும்போது கொழுப்பு உருகுகிறது, புரதமோ இறுகிச் சுருங்குகிறது. சுருங்கும் வலை கொழுப்பையும் நீரையும் பிழிந்து வெளியே தள்ளுகிறது. எஞ்சுவது ரப்பர் போன்ற கட்டியும் அதன்மேல் எண்ணெயும். சோடியம் சிட்ரேட் போன்ற உப்பு சேர்த்தால் சிட்ரேட் கால்சியத்தைப் பற்றிக்கொள்ள, அவ்விடத்தைச் சோடியம் நிரப்புகிறது. புரத வலை தளர்ந்து நீரில் பரவி, ஒவ்வொரு கொழுப்புத் துளியையும் சுற்றிக்கொள்கிறது. இதனால் நீரும் கொழுப்பும் பிரியாமல் வழவழப்பான ஒரே கலவையாக நிற்கின்றன. துரித உணவகச் சாஸின் பளபளப்புக்கு இதுவே காரணம்.

சோடியம் சிட்ரேட் கிடைத்தால் வேலை மிக எளிது. 180 மில்லிலிட்டர் தண்ணீரில் அல்லது பாலில் 8 கிராம் சோடியம் சிட்ரேட்டைக் கரைத்துச் சூடாக்கி, 200 கிராம் துருவிய செடாரைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்துக் கலக்கினால் போதும். கிடைக்காதவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கப்படும் சிட்ரிக் அமிலம் 6 கிராமை அந்தத் தண்ணீரில் கரைத்து, 8 கிராம் அளவில் சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நுரைத்து அடங்கியபின் எஞ்சுவது சோடியம் சிட்ரேட் கரைசலே. ஆப்பசோடா என்று கடையில் கிடைப்பதும் இதே சமையல் சோடாதான். பேக்கிங் பவுடர் வேறு, அது உதவாது. இந்த முறைக்குத் தண்ணீரையே பயன்படுத்த வேண்டும், ஏனெனில் புளிப்பு முதலில் பட்டால் பால் திரிந்துவிடும். சோடா மிகுந்தால் சோப்புச் சுவை தட்டும் என்பதால் நுரை எழுவது நின்றதும் மேற்கொண்டு சேர்க்கக் கூடாது.

இன்னும் எளிய வழி, பதப்படுத்திய சீஸைப் பயன்படுத்துவது. இந்தியக் கடைகளில் கட்டியாகவும் துண்டுகளாகவும் கிடைக்கும் பதப்படுத்திய சீஸ் பெரும்பாலானவற்றில் இந்த உப்புகள் ஏற்கெனவே சேர்ந்திருக்கின்றன. உறையில் 'எமல்சிபையர்' என்ற சொல்லுக்கு அருகே 331 என்ற எண் இருந்தால் அது சிட்ரேட், 339 இருந்தால் பாஸ்பேட். 150 மில்லிலிட்டர் பாலைச் சூடாக்கி, அடுப்பைச் சிறுதீயில் வைத்து, துருவிய பதப்படுத்திய சீஸ் 100 கிராமை முதலில் கரைத்து, பிறகு செடார் 100 கிராமைச் சேர்த்தால், முன்னதில் உள்ள உப்பு பின்னதையும் திரியாமல் காக்கும். பதப்படுத்தியது வழவழப்பையும் செடார் சுவையையும் தருவதால் இரண்டும் சேர்ந்த இம்முறையே வீட்டுக்கு மிகவும் ஏற்றது. அமெரிக்க உணவகங்கள் சிலவும் செடாரோடு அமெரிக்கன் சீஸைக் கலப்பது இதே நோக்கில்தான்.

வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றிச் செய்யும் வெள்ளைச் சாஸிலும் சீஸைக் கரைக்கலாம். 25 கிராம் வெண்ணெய், 25 கிராம் மைதா, 350 மில்லிலிட்டர் பால், 200 கிராம் செடார் என்பது அளவு. மாவுச்சத்து கொழுப்பைத் தாங்கிப்பிடிப்பதால் இதுவும் திரியாது. ஆனால் மாவு சீஸின் சுவையை மங்கச் செய்கிறது, ஆறியதும் கூழாகிறது. பிரைஸுக்கு இது இரண்டாம் தரம். அமெரிக்கச் சமையல் குறிப்புகள் பலவற்றில் எவாபரேட்டட் மில்க் என்று வரும் பொருள் சர்க்கரை சேர்க்காமல் சுண்டிய டின் பால். பாயசத்துக்கு வாங்கும் கண்டென்ஸ்டு மில்க் இனிப்பானது. பெயர் மயக்கத்தில் அதை ஊற்றினால் சாஸைத் திருத்த வழி இல்லை. டின் பால் கிடைக்காவிட்டால் சாதாரணப் பாலையே பாதிக்குக் கீழே சுண்டக் காய்ச்சிக்கொள்ளலாம்.

எந்த முறையானாலும் சில பொதுவான கவனங்கள் உண்டு. சீஸ் சேர்த்தபின் சாஸ் கொதிக்கக் கூடாது. கட்டியாக வாங்கிய சீஸை வீட்டில் துருவுவதே மேல். துருவி விற்கப்படும் சீஸில் இழைகள் ஒட்டாமலிருக்க மாவோ செல்லுலோசோ தூவியிருப்பதால் சாஸ் நறநறக்கும். மொசரெல்லா உருகினால் நூலாக இழுபடும், ஊற்ற வராது. அதைப் பயன்படுத்த விரும்பினால் பொரித்த கிழங்கின் மேல் துருவிப் பரப்பி, மேற்சூடு உள்ள அடுப்பில் இரண்டு நிமிடம் உருக்கலாம். பனீர் உருகவே உருகாது.

சாஸுக்குச் சுவைகூட்டக் கால் தேக்கரண்டி கடுகுப் பொடி, அதே அளவு பூண்டுப் பொடி, சலபீனோ மிளகாய் ஊறிய நீர் ஒரு தேக்கரண்டி ஆகியவை போதும். கடைச் சாஸின் ஆரஞ்சு நிறத்துக்குப் பெரும்பாலும் அன்னட்டோ விதைச் சாயமோ பாப்ரிகாவோ காரணம். காசுமீரி மிளகாய்ப் பொடி ஒரு சிட்டிகை சேர்த்தால் அந்த நிறத்தை ஓரளவு எட்டலாம்.

சாஸின் பதம் முக்கியமானது. கரண்டியின் பின்புறத்தில் பூசியதுபோல் நின்று, விரலால் கோடிழுத்தால் கோடு மறையாதிருக்க வேண்டும். இதைவிட நீர்த்தால் கிழங்குக்கிடையே வடிந்து தட்டின் அடியில் தேங்கும். இறுகினால் ஒரு மேசைக்கரண்டி சூடான பால் சேர்த்துத் தளர்த்தலாம்.

டாப்பிங்கும் அடுக்குதலும்

மேலே போடும் எதுவும் நீர் விடாததாக இருக்க வேண்டும். தக்காளியைப் போடுவதானால் விதையும் சாறும் நீக்கி, சதையை மட்டும் பொடியாக நறுக்க வேண்டும். வெங்காயத்தைப் பொன்னிறத்தைத் தாண்டிப் பழுப்பாகும்வரை நிதானமாக வதக்கினால் அதன் இனிப்பு சீஸின் உப்புக்கு நல்ல இணை. ஊறுகாய் மிளகாயை வடித்து, துணியில் ஒற்றிப் போடலாம்.

சில்லி செய்வதானால் 250 கிராம் கொத்துக்கறியைப் பழுப்பாக வறுத்து, வெங்காயம், பூண்டு, சீரகப் பொடி, மிளகாய்ப் பொடி, அரைத்த தக்காளி சேர்த்து நீர் வற்றும்வரை சுண்டவைக்க வேண்டும். தட்டில் வைத்தால் குவிந்து நிற்க வேண்டுமே தவிர ஓடக் கூடாது. டெக்சாஸ்காரர்கள் தங்கள் சில்லியில் பயறு சேர்ப்பதை ஒப்புக்கொள்வதில்லை. அந்த வாதத்தில் இறங்க அவசியமில்லாத சைவ உணவினர் கொத்துக்கறிக்குப் பதில் வெந்து ஒன்றிரண்டாக மசித்த ராஜ்மாவைப் பயன்படுத்தலாம்.

அடுக்குவதற்கு ஆழமான கிண்ணத்தைவிட அகன்ற தட்டே ஏற்றது. கிண்ணத்தில் ஆவி அடைபட்டு அடிக்கிழங்கு ஐந்து நிமிடத்தில் களியாகிவிடும். பாதிக் கிழங்கைப் பரப்பிச் சாஸில் மூன்றில் ஒரு பங்கைக் கோடுகளாக ஊற்றி, மீதிக் கிழங்கை வைத்து மீதிச் சாஸை ஊற்ற வேண்டும். ஓரங்களில் சாஸ் படாத துண்டுகள் கொஞ்சம் இருப்பது நல்லது. கையால் எடுக்கவும் வசதி, மொறுமொறுப்புக்கும் உறுதி. சூடான டாப்பிங் முதலிலும், புளித்த கிரீம், வெங்காயத்தாள் போன்ற குளிர்ந்தவை கடைசியிலும் வரும். புளித்த கிரீம் இல்லாத இடத்தில் துணியில் கட்டி நீர் வடித்த கெட்டித் தயிர் அதே வேலையைச் செய்யும். சாஸும் டாப்பிங்கும் தயாராகிக் காத்திருக்க, கிழங்கின் இரண்டாம் பொரிப்பே கடைசி வேலையாக இருக்க வேண்டும். வரிசை மாறி, பொரித்த கிழங்கு சாஸுக்காகக் காத்திருந்தால் மேலே சொன்ன எல்லா உழைப்பும் வீண்.

சைவ உணவினரும் பிரைஸும்

வெளிநாட்டுத் துரித உணவகங்களின் பிரைஸ் சைவமா என்ற கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம்வரை சென்றது. மெக்டொனால்ட்ஸ் நெடுங்காலம் மாட்டுக்கொழுப்பு மிகுந்த கலவையில் பிரைஸைப் பொரித்து, 1990இல் தாவர எண்ணெய்க்கு மாறியது. ஆனால் சுவைக்காக மாட்டிறைச்சிச் சாரம் சேர்க்கப்படுவதை இந்துக்களும் சைவ உணவினரும் அறிந்திருக்கவில்லை. 2001இல் சியாட்டிலில் வழக்குத் தொடரப்பட்டது. 2002இல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, இந்து, சைவ உணவு அமைப்புகள் உள்ளிட்டவற்றுக்கு 1 கோடி டாலர் வழங்க ஒப்புக்கொண்டது. இந்தியக் கடைகளில் அந்தச் சாரம் சேர்க்கப்படுவதில்லை என்று நிறுவனம் தெரிவித்தது. வெளிநாட்டில் வாங்கும் உறைந்த பாக்கெட்டுகளிலும் சேர்பொருள் பட்டியலைப் பார்ப்பது நல்லது. சீஸிலும் இதைப்போல் ஒன்று உண்டு: பாலை உறையவைக்கும் ரென்னெட் சில நாடுகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. இந்தியாவில் பச்சைப் புள்ளி இட்ட சீஸ் நுண்ணுயிர் ரென்னெட்டால் செய்யப்படுவது.

பாதுகாப்பும் மீதமும்

வாணலியில் எண்ணெய் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. எண்ணெய் தீப்பற்றினால் அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் அது நொடியில் ஆவியாகி எரியும் எண்ணெயை மேலே வீசியடிக்கும். வாணலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதும் அதே அளவு ஆபத்தானது.

மாவுச்சத்துள்ள உணவை உயர்வெப்பத்தில் பொரிக்கும்போது அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உருவாவதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் அறிவித்தனர். கிழங்கில் இயல்பாக உள்ள அசுபரசின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு வினைபுரிவதால் அது உண்டாகிறது. விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்குவதாக அறியப்பட்டது. அவித்துச் சர்க்கரையை நீக்குவதும், பழுப்பாகும் முன் பொன்னிறத்தில் எடுப்பதும் அதன் அளவைக் குறைக்கும். உப்பைப் பொறுத்தவரை, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்று உலகச் சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. சீஸும் சிட்ரேட்டும் ஊறுகாய் மிளகாயும் சேர்ந்த ஒரு தட்டு அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கிழங்கில் தனியாக உப்புத் தூவாமல் விடலாம்.

சாஸ் ஊற்றிய பிரைஸ் மறுநாளைக்கு ஆகாது. தனித்தனியே வைத்தால் சாஸ் குளிர்பதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள் இருக்கும். சிட்ரேட் சேர்த்த சாஸ் குளிரில் கட்டியானாலும் சிறுதீயில் ஒரு கரண்டிப் பால் விட்டுக் கிளறினால் பழைய பதத்துக்கு வரும். மீந்த கிழங்கை எண்ணெயில்லாத இரும்புத் தோசைக்கல்லில் பரப்பிப் புரட்டிச் சூடாக்கலாம். மைக்ரோவேவில் வைத்தால் முதலில் துவளும், ஆறியபின் தோல்போல் ஆகும்.